நான் எழுதாத வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலில் எனக்கு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

எல்லைப் போராட்ட நினைவுக் கூட்டம். அந்தக் காலத்து ஆட்களில் உயிரோடு இருக்கிறவர்களைத் தேடிப் பிடித்து மேடையில் உட்காரவைக்கிறார்கள். வருடத்துக்கு வருடம் நாற்காலி குறைந்துகொண்டே வருகிறது. மைக்கைப் பிடித்த தம்பிக்கு முப்பது வயது இருந்தால் அதிகம். என்னைப் பற்றி என்னவெல்லாமோ சொன்னார். "போலீசுக்கு அஞ்சாமல், ஒரே ஒரு நாடக வசனத்தால் சர்க்காரையே நடுங்கவைத்த வீராங்கனை..."

சர்க்கார் நடுங்கியதா? எனக்குத் தெரிந்து அன்றைக்கு நடுங்கியது நான் ஒருத்திதான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்த வசனத்தை நான் எழுதவே இல்லை.

மேடையிலேயே சொல்லிப் பார்த்தேன். "அம்மாவின் தன்னடக்கத்தைப் பாருங்கள்" என்று இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். உண்மையைச் சொன்னால் தன்னடக்கம், பொய் சொன்னால் வரலாறு! வாயால் சொன்னது எடுபடவில்லை. அச்சில் வந்தாலாவது நம்புவீர்கள் அல்லவா? அதனால் இந்த வாரப் பத்தியில் இது.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் காரக்கோணத்துக்கும் நடுவே. பெயர் சொல்லவில்லை. எங்கள் கிறிஸ்தவ சபை இன்னும் இருக்கிறது. சொன்னால் நாளைக் காலையில் எனக்கு போன் வரும். ஜெபம் தமிழில், சந்தையில் விலை பேசுவது மலையாளத்தில், சண்டை இரண்டிலும் — அப்படி ஒரு ஊர்.

சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். கல்யாணம் ஆகாத இருபத்து சொச்சம் வயது. வருடா வருடம் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதுவது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக எடுத்துக்கொண்டது.

எழுதுவது என்றால் மேஜை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து என்று நினைக்காதீர்கள். அடுப்படியில்தான். விடிந்ததும் முழங்கால் போட்டு ஒரு ஜெபம். பிறகு மரச்சீனிக் கிழங்கு வேகிற நேரத்தில் மரியாள் பேசுவாள். குழம்பு கொதிக்கிற நேரத்தில், பிள்ளை இயேசுவைக் கொல்லத் தேடிய ஏரோது ராஜா பேசுவான். ஏரோது கொஞ்சம் அதிகமாகப் பேசிய நாளெல்லாம் குழம்பு அடிப்பிடித்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

"ஆண்டவரே, இன்றைக்கு ஒரு நல்ல வசனம் தாரும்" — இதுதான் என் ஜெபம். எங்கள் ஆட்களுக்கு வசனம் என்றால் இரண்டு. வேதத்தில் இருப்பதும் வசனம், நாடகத்தில் பேசுவதும் வசனம். நான் கேட்டது இரண்டாவது. கிடைத்ததெல்லாம்... ஏதோ, பரவாயில்லை ரகம். சபையார் அழவேண்டிய இடத்தில் அழுதார்கள். அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

நாடகம் முடிந்ததும் சபைச் செயலாளர் எழுந்து நன்றி சொல்வார். "இந்த நாடகத்தை எழுதி, பழக்கி, நடித்தும் காட்டிய நம்முடைய உபதேசியார் அவர்களுக்கு..."

கைதட்டல். நானும் தட்டுவேன்.

உபதேசியார் என்றால் போதகருக்கு அடுத்த நிலையில் சபையைக் கவனிக்கிறவர். நல்ல குரல், நல்ல உயரம். நாடகத்தில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. பெண் எழுதிய நாடகம் என்று ஆலய முற்றத்தில் அறிவிப்பது சரியாக இருக்காது என்று கமிட்டியில் யாரோ சொன்னார்களாம். அதனால் இந்த ஏற்பாடு. முதல் வருடம் நான் அவரிடம் கேட்கவும் செய்தேன்.

"உபதேசியாரே, எனக்க பேரையும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"பேருக்காகவா டீச்சரே எழுதுனீய? கர்த்தருக்குத் தெரியும் இல்லியா? பின்னே என்ன!"

கர்த்தருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். செயலாளருக்குத் தெரியவேண்டும் என்பதுதான் என் ஆசை. அது பாவமா? பாவம்தான் போல என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு, அடுத்த வருட நாடகத்தை ஆரம்பித்தேன். விசுவாசமுள்ள பெண்களை இப்படி வாயடைப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

இனி யேசடிமை அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாறசாலைச் சந்தையில் சுமடு எடுக்கிறவர். வண்டியில் வந்து இறங்கும் மூட்டைகளைத் தலையில் ஏற்றிக் கடைகளில் கொண்டு போடுகிற வேலை. நாற்பது தாண்டிய வயது. கழுத்து அடிமரம் மாதிரி இருக்கும். எங்கள் நாடகத்தில் நிரந்தர யோசேப்பு அவர்தான். நடிப்புத் திறமைக்காகக் கொடுத்த வேஷம் இல்லை. ஊரில் வேறு யாரும் தாடி வளர்க்கச் சம்மதிக்கவில்லை, அவ்வளவுதான். அவரோ ஓணம் கழிந்ததுமே சவரத்தை நிறுத்திவிடுவார். கிறிஸ்துமஸ் வரைக்கும் சந்தையில் எல்லோரும் "யோசேப்பே, ஒரு கை பிடி" என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுப் பாடம் செய்வார். ஆனால் ஒரு வசனத்தை ஒரே மாதிரி இரண்டு தடவை சொன்னதே கிடையாது. "அண்ணே, எழுதினதை எழுதின மாதிரி சொல்லுங்க" என்று கெஞ்சுவேன்.

"பொருள் ஒண்ணுதானே டீச்சரே?"

"பொருள் ஒண்ணுதான். ஆனா அழகு போயிருமே!"

"எனக்க மூஞ்சியில அழகு எங்க இருந்து வரும்?" என்று சிரிப்பார். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் எல்லைப் போராட்டம் சூடு பிடித்தது.

இளைய வாசகர்களுக்காக ஒரு சிறு விளக்கம். அப்போது நாங்கள் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தோம். தமிழ் பேசும் தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம். விளவங்கோடு பக்கம் துப்பாக்கிச் சூடு, சாவு. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா எந்தப் பக்கம் என்பது இழுபறி. ஆள் கணக்கைப் பார்த்துத்தான் கோடு கிழிப்பார்கள் என்று பேச்சு. எத்தனை பேர் தமிழ், எத்தனை பேர் மலையாளம்? தமிழ் என்று சொன்ன வீட்டிலும் எண்ண வந்தவர்கள் மலையாளம் என்று எழுதிக்கொண்டு போனார்கள் என்று டீக்கடைக்கு டீக்கடை புகார். அது எவ்வளவு தூரம் உண்மையோ, எனக்குத் தெரியாது. ஆனால் ஊர் முழுக்க அந்தக் கோபம் புகைந்துகொண்டிருந்தது.

அந்த வருடம் கிறிஸ்துமஸ் நாடகத்தையே நிறுத்திவிடலாம் என்றார்கள். நான்தான் போதகர் ஐயரிடம் போய் நின்றேன். ஐயர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்கே உரிய பயமும் உண்டு. பொழுது சாய்ந்த பிறகு ஆட்கள் கூடக் கூடாது என்று தடை. அதனால் பகல் மூன்று மணிக்கு நடத்த போலீசிடம் அனுமதி வாங்கினார்.

பட்டப்பகலில் கிறிஸ்துமஸ் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? வெயிலில் நட்சத்திரம் வெறும் காகிதம். தேவதூதன் வியர்த்து வழிந்தான். மேய்ப்பர்கள் ராத்திரி குளிரில் நடுங்குவதாக நான் எழுதியிருந்தேன். அவர்கள் துண்டால் விசிறிக்கொண்டே நடுங்கினார்கள். பந்தல் ஓரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியை ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவது காட்சி, குடிமதிப்பு — அந்தக் காலத்து ஜனக்கணக்கு. ரோமச் சக்கரவர்த்தியான ராயனுடைய கட்டளைப்படி எல்லோரும் அவரவர் ஊருக்குப் போய்ப் பெயர் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காகத்தானே நிறைமாதக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு யோசேப்பு பெத்லகேமுக்கு வருகிறார்? மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ரோமாபுரி அதிகாரியாக நம் உபதேசியார். தோளில் சிவப்புத் திரைச்சீலை, கையில் பேனா.

"பேர்?"

"யோசேப்பு."

"ஊர்?"

"நாசரேத்து."

"வம்சம்?"

"தாவீதின் வம்சம்."

"சரி. எழுதியாகிவிட்டது. போ."

இவ்வளவுதான் நான் எழுதியது. இதற்கு மேல் யோசேப்பு மரியாளின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போகவேண்டும். அந்த மௌனத்துக்காகத்தான் அந்தக் காட்சியை நான் திரும்பத் திரும்ப எழுதியிருந்தேன்.

யேசடிமை அண்ணன் போகவில்லை.

மேஜைமேல் குனிந்து, உபதேசியார் எழுதுவதையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ஏமானே, பாஷை எழுதல்லியே?"

எங்கள் பக்கத்தில் அதிகாரிகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள் — ஏமான். உபதேசியார் முழித்தார். ஸ்கிரிப்டில் இல்லாத கேள்வி. அவர் என்ன செய்வார், பாவம்?

"வீட்டுல நான் பேசுத பாஷையை எழுதப்போறீரா? இல்ல, உமக்குப் பிடிச்ச பாஷையை எழுதப்போறீரா?"

 அப்புறம் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம் எல்லாம் சேர்ந்து. விசிலடித்தார்கள். ஆலய முற்றத்தில் விசில்! சிரித்தவர்களில் அந்த இரண்டு போலீஸ்காரர்களும் உண்டு. என் கண்ணால் பார்த்தேன்.

நான் சிரித்தேனா? இல்லை. திரைக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்தேன். என் மௌனம் போய்விட்டதே என்று முதலில் கோபம். அடுத்த நிமிஷமே வேறொன்று வந்தது. இத்தனை நாள் அந்தக் காட்சியோடு மல்லாடினேனே... இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? நாடகத்திலேயே ஆக நல்ல வசனம் அதுதான். விடியற்காலையில் முழங்கால் போட்டுக் கேட்டவள் நான். ஆண்டவர் கொடுத்தது மூட்டை தூக்குகிற மனிதருக்கு!

செயலாளர் வழக்கம்போல உபதேசியாருக்கு நன்றி சொன்னார். வழக்கத்தைவிட நீண்ட கைதட்டல். உபதேசியார் எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார்.

சில நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார். ஆலயத்தை ஒட்டிய சிறு அறையில் கமிட்டி முழுவதையும் உட்காரவைத்து விசாரணை. பள்ளிக்கூடத்திலிருந்து என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் உள்ளே நுழைகிறபோது உபதேசியார் பேசிக்கொண்டிருந்தார்.

"நாடகம் நான் எழுதினதில்ல ஏமானே. முதல் வரி தொட்டு கடைசி வரி வரைக்கும் டீச்சராக்கும் எழுதினது. இந்த வருசம் மட்டும் இல்ல, எல்லா வருசமும் அவங்கதான். எனக்கு ஒண்ணும் தெரியாது."

செயலாளர் தலையாட்டினார். "ஆமா, டீச்சராக்கும்." கமிட்டியில் இருந்த டீக்கன்மார் எல்லோரும் ஆட்டினார்கள். "டீச்சராக்கும்... டீச்சராக்கும்..."

வாசகர்களே, எத்தனை வருடம் காத்திருந்தேன் இந்த அறிவிப்புக்காக! கடைசியில் சபை ஒருமனதாக என்னை எழுத்தாளராக ஏற்றுக்கொண்டது — போலீசுக்கு முன்னால். அதுவும் நான் எழுதாத வரிக்காக.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். மலையாளத்தில் கேட்டார், மரியாதையாகவே. அந்த வரியை எழுதியது நீங்கள்தானா?

"இல்லை, யேசடிமை மேடையில் சொந்தமாகச் சொன்னது" என்றால் முடிந்தது. உண்மையும் அதுதான். ஆனால் சந்தைத் தொழிலாளிகளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனால் என்ன நடக்கும் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். என்னைப் போன்ற ஒரு டீச்சரை அடிக்கமாட்டார்கள். அவரை அடிப்பார்கள்.

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

கால் நடுங்கியது. சேலை மறைத்ததால் யாரும் பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் என்னைக் கைது செய்யவில்லை. ஒரு எச்சரிக்கை, அவ்வளவுதான். பள்ளிக்கூட நிர்வாகத்துக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. வேலை போனது. போதகர் ஐயர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

"மக்கா, ஒனக்க மேல ஒரு குத்தமும் இல்ல. எனக்குத் தெரியும். ஆனா பள்ளிக்கூடத்துக்கு சர்க்கார் கிராண்டு வேணும் இல்லியா? அது நின்னு போனா எத்தனை பிள்ளைகளுக்குப் படிப்பு போவும்? நீ ஜெபம் பண்ணு. நானும் பண்ணுதேன்."

கிறிஸ்து பிறந்ததைக் கொண்டாட ஏரோதின் கிராண்ட் வேண்டியிருக்கிறது. இதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. அன்றைக்கு அழத்தான் முடிந்தது. நல்ல வசனமெல்லாம் எனக்கு எப்போதுமே தாமதமாகத்தான் வரும்.

மறுநாள் யேசடிமை அண்ணன் வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்தவர் முற்றத்திலேயே நின்றார். முகம் கடுகடு என்று இருந்தது.

"உள்ள வாங்க அண்ணே."

"வாறதுக்கில்ல டீச்சரே. ஒண்ணு கேக்கணும். அந்த வசனம் ஆருக்கதாக்கும்?"

"உங்களுக்கதுதான்."

"பின்னே எதுக்கு நீங்க எழுதினதுன்னு பறஞ்சீய?"

"சொல்லலேன்னா ஒங்களை அடிப்பாவ அண்ணே."

"அடிச்சா அடிக்கட்டு! நான் ஒங்ககிட்ட வந்து காப்பாத்தச் சொன்னேனா?" தலையைத் தொட்டுக் காட்டினார். "டீச்சரே, எனக்க தலையில இண்ணைக்கு வரைக்கும் ஏறினதெல்லாம் அடுத்தவனுக்க சாமானாக்கும். நாடகத்துல பேசினதும் நீங்க எழுதித் தந்தது. இந்த வயசுக்கு இடையில எனக்கதுன்னு வாயில வந்தது அந்த ஒண்ணாக்கும். அதையும் நீங்க எடுத்துக்கிட்டீளே!"

 வேலையை இழந்தவள் நான். ஆனால் ஏதோ திருடிவிட்டுப் பிடிபட்டவள் மாதிரி நின்றேன்.

பிறகு கேட்டேன், "அது எப்படி அண்ணே தோணிச்சு?"

"தோணல்ல. எங்க வீட்டுக்கு எண்ண வந்தவனும் இதேபோலதான் குனிஞ்சு இருந்து எழுதினான். நான் பறஞ்சது ஒண்ணு, அவன் எழுதினது ஒண்ணு. உபதேசியாருக்க பேனாவைப் பாத்ததும் அது ஓர்மை வந்துட்டு. வாயைத் தொறந்தேன், வந்துட்டு. ஆண்டவரு தந்ததாக்கும்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்! ஆண்டவர் தந்தது. எனக்கு அப்படி ஒரு நாளாவது சொல்ல முடிந்திருக்கிறதா?

"ஆர்கிட்டயும் சொல்லிராதீங்க அண்ணே. பாக்கியம் அக்காவை நெனைச்சுக்கிடுங்க" என்றேன். பாக்கியம் அவர் மனைவி. அவர் திரும்பி நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை. சாட்சி சொல்லும் நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையை யாராவது எழுந்து சொல்வார்கள். காய்ச்சல் விட்டது, மாடு கன்று போட்டது, மகன் பரீட்சை பாஸானான் என்பது மாதிரி. அன்றைக்கு யேசடிமை அண்ணன் எழுந்தார். தாடியை இன்னும் எடுக்கவில்லை.

"சபையாருக்கு ஸ்தோத்திரம். அண்ணைக்கு நாடகத்துல பறஞ்ச வசனம் டீச்சர் எழுதினதில்ல. கர்த்தரு எனக்குத் தந்ததாக்கும். அதுக்காக அவங்க வேலை போனது சரியில்ல. அந்த வேலையைத் திரிச்சுக் குடுக்கணும்."

"இரியும், யேசடிமை" என்று கையைக் காட்டி உட்காரச் சொன்னார் ஐயர்.

"இருக்கேன் ஐயரே. டீச்சருக்க வேலை?"

ஐயர் பாட்டு நம்பர் சொன்னார். சபை பாடியது. அவ்வளவு உரக்க எங்கள் சபை பாடி நான் கேட்டதில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அவர் நின்றுகொண்டே இருந்தார். பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்த நானும் எழுந்து நின்றிருக்கலாம். எழ நினைத்தபோது அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அந்த வாரமே சந்தையில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

போலீசிடம் யார் சொன்னது? தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — எங்கள் ஞாயிறு ஆராதனைக்கு வெளி ஆட்கள் யாரும் வருவதில்லை.

பல நாள் கழித்துத் திரும்பி வந்தார். செய்தி கேட்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். பாக்கியம் அக்கா வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தாடியை ஸ்டேஷனிலேயே சிரைத்திருந்தார்கள். பக்கத்தில் போய், "அண்ணே, எப்படி இருக்கீங்க?" என்றேன். பதில் இல்லை. திரும்பவும் கேட்டேன். கோபம் தீரவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

தற்செயலாகத் திரும்பியவர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். "எப்பம் வந்தீய டீச்சரே? இந்தப் பக்கமா வாங்க. அந்தக் காது அடைச்சுப் போச்சு."

இடது காது. பிறகு அது திறக்கவே இல்லை.

வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். அவர் சந்தோஷமாகத்தான் பேசினார். அதுதான் என்னை இன்றைக்கும் வதைக்கிறது.

"புதுசா டியூட்டிக்கு வாற ஒவ்வொரு போலீசுக்க முன்னாலயும் என்னை நிறுத்தி, 'அந்த வசனம் பறயெலே'ன்னு சொல்லுவானுவ. பறஞ்சதும் அடி. ஒருத்தன் மட்டும் சிரிச்சுப்போட்டான் டீச்சரே. சிரிச்சுக்கிட்டே அடிச்சான்!" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, ரகசியம் போலச் சொன்னார். "ஒரு வார்த்தை மாத்திப் பறயல்ல கேட்டியளா? ஒவ்வொரு தடவையும் அச்சு அசல்!"

ஒத்திகையில் ஒரு வரியை இரண்டு தடவை ஒரே மாதிரி சொல்லத் தெரியாத மனிதர்.

எங்கள் ஆட்கள் — தமிழுக்காகப் போராடிய கட்சிக்காரர்கள் — என்ன செய்தார்கள் என்று கேட்பீர்கள். என் வீட்டுக்கு மாலையோடு வந்தார்கள். ஊர் ஊராகப் போட ஒரு பிரசார நாடகம் எழுதித் தரவேண்டும் என்றார்கள். "மாலையை யேசடிமை அண்ணனுக்குப் போடுங்க. அந்த வசனம் அவர் சொன்னது" என்றேன். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தச் சுமட்டுக்காரனா?" என்றார் ஒருவர். "அது வேண்டாம் டீச்சர். டீச்சர் எழுதினதுன்னே இருக்கட்டும். படிச்ச ஆளு பேருன்னா நாலு பேரு மதிப்பாவ."

சபைக்கு நான் பெண் என்பதால் பெயர் இல்லை. கட்சிக்கு அவர் சுமட்டுக்காரர் என்பதால் பெயர் இல்லை. மாலையை வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டு ஆடு தின்றது.

பிறகு கோடு போட்டார்கள். தெற்கே நான்கு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது. நாங்கள் கேரளாப் பக்கமே நின்றுவிட்டோம். அன்றைக்கு நாகர்கோவிலில் லட்டு கொடுத்தார்களாம். மாலையோடு வந்தவர்கள் எல்லோரும் லட்டு கொடுக்கத் தெற்கே போயிருந்தார்கள். எங்கள் ஊரில் அன்றைக்கு யாரும் யாரோடும் அதிகம் பேசவில்லை.

எனக்கு எல்லைக்குத் தெற்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். அம்மா அங்கேயே இருந்தாள். யேசடிமை அண்ணனுக்கு எங்கே போக்கு? அதே சந்தை, அதே மூட்டை. பின்னால் வரும் வண்டிச் சத்தம் கேட்காததால், மற்றவர்கள் அவரை ஓரமாக நடக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டேன்.

ஓரிரு வருடம் கழித்துக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனேன். தடையெல்லாம் போய்விட்டது. பழையபடி மாலையில், பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாடகம். இப்போது மலையாளத்தில். அதில் எனக்கு வருத்தமில்லை. பிள்ளைகள் படிப்பதே மலையாளம்தானே? போகப் போகத்தான் தெரிந்தது, அது என் நாடகம். வரிக்கு வரி என்னுடையது, பாஷை மட்டும் மாறியிருந்தது.

யேசடிமை அண்ணன் முன் வரிசையில், பெண்கள் பக்கத்தை ஒட்டிய ஓரத்தில் இருந்தார். நல்ல காதை மேடைப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். காது கேட்காதவருக்கு வசனம் எடுத்துக்கொடுக்க முடியாது என்று அவரை நாடகத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். யோசேப்பு, யாரோ ஒரு கல்லூரிப் பையன். ஒட்டுத் தாடி. என்னைக் கண்டதும் அண்ணன் பக்கத்தில் இடம் விட்டார்.

முதல் காட்சி, தூதன் வந்தான். இரண்டாவது காட்சியில் யோசேப்பும் மரியாளும் நேராகச் சத்திர வாசலில் நின்றார்கள். இடமில்லை என்றார்கள். தொழுவத்தைக் காட்டினார்கள். பிள்ளை பிறந்தது. மேய்ப்பர், சாஸ்திரிகள், பாட்டு, மங்களம்.

குடிமதிப்புக் காட்சியே இல்லை. வெட்டிவிட்டார்கள். நாசரேத்துக்காரன் ஒருவன் எதற்காக நிறைமாதப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தான் என்று நாடகத்தில் யாரும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் யாரும் கேட்கவும் இல்லை.

செயலாளர் நன்றி சொல்ல எழுந்தார். நாடகம் எழுதிய உபதேசியார் அவர்களுக்கு... கைதட்டல்.

யேசடிமை அண்ணன் தட்டவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் சாய்ந்தார். காது கேட்காதவர்கள் ரகசியம் பேசுவது எப்படி இருக்கும் தெரியும் அல்லவா? பந்தல் முழுக்கக் கேட்டது.

"டீச்சரே, நம்ம சீன் இனிதானே?"

முன் வரிசை முழுவதும் எங்கள் பக்கம் திரும்பியது. மேடையில் உபதேசியாரின் கும்பிடு பாதியில் நின்றது. நான் அவருடைய வலது காதில் சொன்னேன், "இல்ல அண்ணே... முடிஞ்சுட்டு."

 "செரி" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அதோடு நாடகம் எழுதுவதை விட்டுவிட்டேன். இந்த மாதிரிப் பத்தி, கட்டுரை என்று ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத உட்காருவதற்கு முன்னால் இன்றைக்கும் ஜெபம் உண்டு. நம்பிக்கையை நான் விடவில்லை. ஆனால் ஒரு நல்ல வசனம் தாரும் என்று கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

யாருக்காவது அப்படி ஒன்றைத் தருவதாக இருந்தால், கர்த்தாவே, அவருடைய இரண்டு காதையும் நீரே பார்த்துக்கொள்ளும். சபையை நம்ப வேண்டாம்.